தணிப்பும் தடுப்பும்: ஆஸ்துமா மருத்துவம் கடந்துவந்த வழி

ஆஸ்துமா என்பது மூச்சுக்குழாய்களில் நெடுநாள் நிலைத்திருக்கும் அழற்சியால் வரும் நோய். அழற்சி கண்ட குழாய் சின்னத் தூண்டுதலையும் பொறுக்காது. தூசி, புகை, குளிர்காற்று, சளிக்காய்ச்சல் என ஏதாவது ஒன்று பட்டதும் குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது, உட்சவ்வு வீங்குகிறது, கெட்டியான சளி வழியை அடைக்கிறது. உள்ளே போன காற்று வெளியே வர முடியாமல் நெஞ்சு ஊதி நிற்கிறது. மூச்சை விடும்போது விசில் போன்ற ஓசை எழுகிறது. தமிழில் இதற்கு இரைப்பு, இளைப்பு, ஈளை என்று பல பெயர்கள். யாழ்ப்பாணத்தில் முட்டு, தொய்வு என்பார்கள். இன்று ஊரெங்கும் வீசிங் என்ற சொல் புழங்குகிறது.

இந்நோயில் மருத்துவத்துக்கு இரண்டு வேலைகள் உண்டு. வந்துவிட்ட திணறலைத் தணிப்பது ஒன்று. அடுத்த திணறல் வராமல் தடுப்பது மற்றொன்று. தணிக்கும் மருந்துகள் மிகப் பழையவை. தடுப்பதற்கென்றே உருவான மருந்துகள் 1960களின் இறுதியில்தான் வந்தன. தணிப்பையே முழு மருத்துவமாக எண்ணியிருந்த காலம் நீண்டது. அதற்குப் பல உயிர்கள் விலையாயின.

பழைய ஏடுகளில்

ஆஸ்துமா என்பது கிரேக்கச் சொல். மூச்சு வாங்குவதைக் குறித்த அச்சொல்லை ஹிப்பாக்ரட்டீஸின் பெயரில் வழங்கும் நூல்கள் நோயைச் சுட்டப் பயன்படுத்தின. பின்னர் வந்த கப்பதோக்கியா நாட்டு அரீட்டீயஸ், நோயாளி படுக்க முடியாமல் எழுந்து உட்காருவதையும், காற்றுக்காக வாயைத் திறந்து வெட்டவெளியை நாடுவதையும் தெளிவாக எழுதிவைத்தார்.

இந்திய மருத்துவ மரபில் சரக சம்ஹிதை மூச்சு நோய்களை ஐந்தாகப் பிரிக்கிறது. அவற்றுள் தமக சுவாசம் எனப்படுவது இன்றைய ஆஸ்துமாவோடு பெரிதும் பொருந்துகிறது. படுத்தால் கூடும், உட்கார்ந்தால் சற்று அடங்கும், மேகமூட்டத்திலும் மழையிலும் குளிரிலும் கீழைக்காற்றிலும் மிகும் என்று அந்நூல் சொல்கிறது. சித்த மருத்துவம் இதை இரைப்பு நோய் என்ற தலைப்பில் எடுத்துக்கொண்டது. ஆடாதொடை, தூதுவளை, திப்பிலி, சுக்கு ஆகியவை அதன் கைமருந்துகள். ஆடாதொடை இலையிலுள்ள வாசிசின் என்ற பொருளை அடிப்படையாகக் கொண்டுதான் 1960களில் சளியை இளக்கும் புரோம்ஹெக்சின் உருவானது. இன்றும் மருந்துக் கடையில் விற்கும் பல இருமல் மருந்துகளில் அது இருக்கிறது.

தடுப்பைப் பற்றி முதலில் விரிவாக எழுதியவர்களுள் ஒருவர் யூத மருத்துவரும் தத்துவ ஞானியுமான மைமோனிடீஸ். 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் எகிப்து அரச குடும்பத்தைச் சேர்ந்த ஒரு நோயாளிக்காக அவர் ஆஸ்துமா பற்றித் தனி நூலே எழுதினார். மருந்தை நம்புவதற்கு முன் உணவு, உறக்கம், குளியல், காற்று ஆகியவற்றை ஒழுங்கு செய்யச் சொன்னார். கடலோர அலெக்சாந்திரியாவின் காற்றைவிடக் கெய்ரோவின் உலர்ந்த காற்று அந்த நோயாளிக்கு ஏற்றது என்று கருதினார்.

1698இல் ஆஸ்துமா பற்றி ஆங்கிலத்தில் நூல் வெளியிட்ட ஜான் ஃபிளாயர் அந்நோயோடு வாழ்ந்தவர். நள்ளிரவு கடந்து உறக்கத்திலிருந்து எழுப்பும் திணறலைத் தன் அனுபவத்திலிருந்தே விவரித்தார். 1700இல் இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமசினி தொழிலாளர் நோய்களைத் தொகுத்தபோது, மாவுத் தூசியில் உழைக்கும் ரொட்டி சுடுவோரும் தானியம் சலிப்போரும் மூச்சுத் திணறுவதைப் பதிவு செய்தார். எது தூண்டுகிறது என்று தேடும் பழக்கம் இவர்களிடமிருந்தே வளர்ந்தது.

சென்னையிலிருந்து சென்ற புகை

ஐரோப்பாவில் ஒரு நூற்றாண்டுக்கு மேல் கோலோச்சிய ஆஸ்துமா மருந்து தமிழகத்தின் தரிசு நிலத்தில் முளைக்கும் ஒரு செடியிலிருந்து போனது. அது ஊமத்தை. சிவபெருமானின் சடைக்குரிய மலர் என்று போற்றப்படும் அதன் புகை இரைப்பை அடக்கும் என்பது இந்நாட்டு வைத்தியர்களுக்கு வெகுகாலமாகத் தெரியும்.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைத் தலைமை மருத்துவராக இருந்தவர் ஸ்காட்லாந்துக்காரரான ஜேம்ஸ் ஆண்டர்சன். செடிகொடிகளில் பெரும் ஈடுபாடு கொண்டவர். ஊமத்தையின் வேரையும் அடித்தண்டையும் நறுக்கி உலர்த்திப் புகைபிடிக்கும் முறையை அவர் அறிந்திருந்தார். அவர் வழியாக அதைத் தெரிந்துகொண்ட ஜெனரல் ஜென்ட் என்ற படை அதிகாரி 1802இல் இச்செய்தியை பிரிட்டனுக்குக் கொண்டுசென்றார். இந்திய ஊமத்தை அங்கே எளிதில் கிடைக்காததால், அதன் உறவான வேறோர் ஊமத்தை இனத்தைப் பயன்படுத்தினார்கள். சில ஆண்டுகளில் அது மருத்துவ இதழ்களில் பேசுபொருளாகி, பின்னர் பெரும் வணிகமாகவே மாறியது. ஊமத்தை இலை சேர்த்த ஆஸ்துமா சிகரெட்டுகளும், தட்டில் கொளுத்திப் புகையை முகர்வதற்கான பொடிகளும் ஐரோப்பா, அமெரிக்கா எங்கும் விற்றன. ஒன்பது வயதிலிருந்தே ஆஸ்துமாவால் துன்புற்ற பிரெஞ்சு எழுத்தாளர் மார்செல் ப்ரூஸ்ட், பாரிஸில் தன் அறையை அடைத்துக்கொண்டு இத்தகைய பொடிகளைக் கொளுத்தி வாழ்ந்தார்.

ஊமத்தை பலித்ததற்குக் காரணம் உண்டு. அதிலுள்ள அட்ரோபின் போன்ற பொருள்கள், மூச்சுக்குழாய்த் தசையை இறுகச் செய்யும் நரம்புச் சமிக்ஞையைத் தடுக்கின்றன, தசை தளர்கிறது. இலைக்கு இலை அதன் வீரியம் மாறுவதால் அளவு கைமீறுவதும் எளிது. வாய் வறண்டு, கண்பாவை விரிந்து, புத்தி பேதலிக்கும். புகையும் அழற்சி கண்ட குழாயை மேலும் எரிச்சலூட்டியது. அட்ரோபினின் நன்மையை மட்டும் பிரித்தெடுக்க நெடுங்காலமாயிற்று. அதன் மூலக்கூறை மாற்றி உருவாக்கிய இப்ராட்ரோபியம் 1970களில் வந்தது. கடுமையான திணறலில் நெபுலைசரில் ஊற்றப்படும் மருந்துகளுள் இன்றும் அது ஒன்று.

காபி, எபிட்ரின், அட்ரினலின்

1860இல் ஹென்றி ஹைட் சால்டர் என்ற லண்டன் மருத்துவர் ஆஸ்துமா பற்றிப் புகழ்பெற்ற நூல் ஒன்றை வெளியிட்டார். இவரும் ஆஸ்துமாக்காரர். பூனை முடி பட்டால் தனக்குத் திணறல் வருவதைக் கண்டறிந்தார். வெறும் வயிற்றில் கடுங்காபி குடிப்பதைச் சிறந்த நிவாரணமாகச் சொன்னார். அதில் உண்மை இருந்தது. காபியிலுள்ள காஃபினுக்கு நெருங்கிய உறவான தியோஃபிலின், 20ஆம் நூற்றாண்டில் முக்கியமான ஆஸ்துமா மருந்தாயிற்று.

சீனர்கள் ஈராயிரம் ஆண்டுகளாகப் பயன்படுத்திவந்த மா ஹுவாங் என்ற மூலிகையிலிருந்து ஜப்பானிய வேதியியலாளர் நாகாய் நாகயோஷி 1885இல் எபிட்ரினைப் பிரித்தார். 1924இல் கே. கே. சென், கார்ல் ஷ்மிட் இருவரும் பீக்கிங்கில் செய்த ஆய்வு அதை உலகுக்குக் காட்டியது. 1901இல் ஜோகிச்சி டகமீனே அட்ரினலினைத் தூய வடிவில் பிரித்தெடுத்த சில ஆண்டுகளுக்குள் நியூயார்க் மருத்துவர்கள் அதை ஊசியாகப் போட்டு ஆஸ்துமாவை அடக்கினார்கள். பிறகு ரப்பர் குமிழை அழுத்தி மருந்தைத் தூவலாக மாற்றும் கண்ணாடிக் கருவிகள் வந்தன.

இவை எல்லாமே தணிப்பு மருந்துகள். தசை தளர்ந்தது, அழற்சி அப்படியே இருந்தது. 1892இல் வெளியான தன் பாடநூலில் வில்லியம் ஆஸ்லர் ஆஸ்துமாவை அழற்சியோடு தொடர்புபடுத்தியிருந்தும், பலர் அதை இறுக்க நோயாகவே கண்டார்கள். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வேறொரு தவறும் சேர்ந்துகொண்டது. சிகாகோவின் ஃபிரான்ஸ் அலெக்சாண்டர் முதலிய உளப்பகுப்பாய்வாளர்கள் ஆஸ்துமாவை மனத்தில் பிறக்கும் நோய் என்றார்கள். குழந்தையின் இரைப்பு தாய்க்காக அழாமல் அடக்கிய அழுகை என்று விளக்கம் தரப்பட்டது. பிள்ளைக்காகக் கண்விழித்த தாய்மார்கள்மீதே பழி விழுந்தது. பதற்றம் திணறலைக் கூட்டக்கூடும் என்பது மெய். நோயின் வேர் மூச்சுக்குழாயில்தான் இருக்கிறது.

கையடக்கக் கருவியும் 1960களின் மரணங்களும்

1955இல் அமெரிக்காவின் ரைக்கர் நிறுவனத் தலைவர் ஜார்ஜ் மேசனின் பதின்மூன்று வயது மகளுக்கு ஆஸ்துமா இருந்தது. அவள் பயன்படுத்திய கண்ணாடித் தூவல் கருவி எளிதில் உடையக்கூடியது. அழுத்தும்போதெல்லாம் மருந்தின் அளவு மாறியது. தலைமுடிக்கு அடிக்கும் ஸ்பிரே போல மருந்தையும் ஏன் குப்பியில் அடைக்கக் கூடாது என்று அவள் தந்தையிடம் கேட்டாள். அந்தக் கேள்வியை நிறுவனத்தின் வேதியியலாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். வாசனைத் திரவியத்துக்காக உருவாக்கப்பட்ட, ஒவ்வோர் அழுத்தத்துக்கும் ஒரே அளவு வெளிவிடும் வால்வை மருந்துக் குப்பியில் பொருத்தினார்கள். 1956இல் அட்ரினலின், ஐசோபிரினலின் ஆகிய இரு மருந்துகளோடு முதல் அளவுமானி இன்ஹேலர்கள் விற்பனைக்கு வந்தன.

திணறலை ஒரு நிமிடத்தில் தணிக்கும் கருவி சட்டைப்பைக்குள் வந்துவிட்டது. அதன் பின்னால் ஒரு பேரிழப்பும் வந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1960களில் ஆஸ்துமாவால் இறந்த இளவயதினரின் எண்ணிக்கை கிடுகிடுவென உயர்ந்தது. 1968இல் ஸ்பைசர், டால், ஹீஃப் ஆகியோர் வெளியிட்ட ஆய்வின்படி, 10 முதல் 14 வயதுக்குட்பட்டோரிடையே மரண விகிதம் ஏழே ஆண்டுகளில் ஏறக்குறைய 8 மடங்காகியிருந்தது. வழக்கமான இன்ஹேலரைவிட ஐந்து மடங்கு வீரியமுள்ள ஐசோபிரினலின் விற்ற நாடுகளில்தான் மரணங்கள் பெருகின என்பது பின்னர் தெரிந்தது. அத்தகைய இன்ஹேலர் விற்காத அமெரிக்காவில் இந்த உயர்வு இல்லை. எச்சரிக்கைகள் வெளியாகி, மருத்துவர் சீட்டின்றி விற்பது நின்றபின் எண்ணிக்கை குறைந்தது. 1970களின் இறுதியில் நியூசிலாந்தில் ஃபெனோடெரால் என்ற மருந்தோடு இதே துயரம் திரும்பியது.

மருந்தின் நச்சுத்தன்மை ஒரு காரணம். திணறல் தணிந்ததும் நோயே தணிந்துவிட்டதாகத் தோன்றியது இன்னொரு காரணம். அழற்சி உள்ளே முற்றிக்கொண்டிருக்க, நோயாளி மேலும் மேலும் இன்ஹேலரை அழுத்தி மருத்துவமனைக்குப் போவதைத் தள்ளிப்போட்டார். 1969இல் டேவிட் ஜாக் குழுவினரின் சால்பியூட்டமால் வந்தது. இதயத்தை அதிகம் படபடக்க விடாமல் மூச்சுக்குழாயை விரிக்கும் அம்மருந்து முந்தையவற்றைவிடப் பாதுகாப்பானது. அதுவும் அழற்சியைத் தொடுவதில்லை.

தன் மூச்சிலேயே சோதித்தவர்

முதல் தடுப்பு மருந்து ரோஜர் ஆல்டூன்யன் என்ற மருத்துவரின் பிடிவாதத்தால் கிடைத்தது. 1922இல் சிரியாவில் பிறந்து, இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையில் பறந்த அவருக்குக் கடும் ஆஸ்துமா. இங்கிலாந்தில் ஒரு மருந்து நிறுவனத்தில் சேர்ந்து, எகிப்தியர் பயன்படுத்திய கெல்லா என்ற செடியின் வேதிப்பொருளிலிருந்து புதிய மருந்து தேடினார். கினிப்பன்றி முடி தனக்கு ஒவ்வாது என்று அவருக்குத் தெரியும். அம்முடியின் சாற்றை முகர்ந்து வேண்டுமென்றே திணறலை வரவழைத்துக்கொள்வார். மறுமுறை ஒரு புதிய பொருளை உள்ளிழுத்துவிட்டு அதே சாற்றை முகர்ந்து, மூச்சு எவ்வளவு குறைகிறது என்று அளப்பார். பல ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான பொருள்களை இப்படித் தன் உடலிலேயே சோதித்தார். 1965இல் சோடியம் குரோமோகிளைகேட் கிடைத்தது. அதன் பொடியை உள்ளிழுக்க அவர் அமைத்த கருவியில் மூச்சின் வேகத்தில் சுழலும் சிறு விசிறி இருந்தது. விமானத்தின் சுழலியை அறிந்தவருக்கு அந்த எண்ணம் இயல்பாக வந்தது.

இம்மருந்து வந்த திணறலை அடக்காது. முன்கூட்டியே எடுத்தால் வராமல் காக்கும். நன்றாக இருக்கும் நாளிலும் மருந்து எடுக்க வேண்டும் என்ற எண்ணத்தை ஆஸ்துமா மருத்துவத்துக்குள் கொண்டுவந்தது இதுவே.

ஸ்டீராய்டு மூச்சுவழி வந்தது

1949இல் மூட்டு நோய்க்குக் கார்டிசோன் என்ற ஸ்டீராய்டு செய்த அற்புதம் வெளியானதும், மறு ஆண்டே ஆஸ்துமாவுக்கும் அது தரப்பட்டது. அழற்சி அடங்கியது. நாள்கணக்கில் மாத்திரை விழுங்கியவர்களுக்கு முகம் ஊதியது, எலும்பு தேய்ந்தது, குழந்தைகளின் வளர்ச்சி குன்றியது. மருந்தை நேரே மூச்சுக்குழாயில் சேர்ப்பதே வழி என்று தெரிந்தும், அங்கே நின்று வேலை செய்து உடல் முழுதும் பரவாத ஸ்டீராய்டு 1972இல்தான் வந்தது. அதுதான் பெக்லோமெத்தசோன்.

அளவைப் பார்த்தால் இதன் பெருமை விளங்கும். மாத்திரைகள் மில்லிகிராம் கணக்கு. இன்ஹேலர் மைக்ரோகிராம் கணக்கு. சால்பியூட்டமாலிலேயே 4 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் இருக்கும் மருந்து, 100 மைக்ரோகிராம் இன்ஹேலரில் 40 பஃப்புக்குச் சமம். இன்ஹேலர் கடைசிக்கட்ட மருந்து, பழகினால் விட முடியாது என்ற அச்சம் நம் வீடுகளில் இன்றும் இருக்கிறது. அந்த அச்சத்தால் மாத்திரையை நாடுபவர் பன்மடங்கு மருந்தை உடலுக்குள் அனுப்புகிறார்.

1980களில் வளையும் குழாய்க் கருவியை மூச்சுக்குழாய்க்குள் செலுத்தித் திசு எடுத்துப் பார்த்தபோது, லேசான ஆஸ்துமா உள்ளவர்களிடமும் அழற்சி காணப்பட்டது. 1991இல் பின்லாந்தின் டாரி ஹாட்டேலா குழுவினர், நோய் கண்ட தொடக்கத்திலேயே ஸ்டீராய்டு இன்ஹேலர் தருவது வெறும் மூச்சுக்குழாய் விரிப்பானைவிட மேலானது என்று நிறுவினார்கள். கனடாவில் நடந்து 2000இல் வெளியான ஆய்வு, ஓராண்டில் பயன்படுத்தும் ஒவ்வொரு கூடுதல் ஸ்டீராய்டு இன்ஹேலருக்கும் ஆஸ்துமா மரண வாய்ப்பு 21 விழுக்காடு குறைவதைக் காட்டியது.

தூண்டுவது எது?

மருந்து வளர்ந்த அதே காலத்தில் தூண்டுபொருள்கள் பற்றிய அறிவும் வளர்ந்தது. 1960களில் நெதர்லாந்து ஆய்வாளர்கள் வீட்டுத் தூசியின் ஒவ்வாமைக்குக் காரணம், படுக்கையில் உதிரும் தோல்செதிலைத் தின்று வாழும் கண்ணுக்குத் தெரியாத தூசிப்பேன் என்று கண்டார்கள். அதே பத்தாண்டில் அமெரிக்காவில் இஷிசாகா தம்பதியரும் ஸ்வீடனில் ஜோஹான்சன், பென்னிச் இருவரும் ஒவ்வாமைக்குக் காரணமான ஐஜிஇ என்ற எதிர்ப்புப் புரதத்தைத் தனித்தனியே கண்டறிந்தார்கள்.

காற்றைத் தூய்மை செய்தால் திணறல் நிற்கும் என்பதற்குப் பார்சிலோனா சிறந்த சான்று. 1981 முதல் 1987 வரை அந்நகரில் திடீர் திடீரென ஒரே நாளில் ஏராளமானோர் மூச்சுத் திணறி மருத்துவமனைக்கு வந்தார்கள். அந்த நாள்களை வரிசைப்படுத்திப் பார்த்தபோது, எல்லாமே துறைமுகத்தில் சோயா மொச்சை இறக்கிய நாள்கள். வடிகட்டி இல்லாத தானியக் கிடங்கிலிருந்து பறந்த தூசிதான் காரணம். வடிகட்டி பொருத்தியதும் அந்தத் திடீர்த் திணறல்கள் நின்றன.

நம் வீடுகளில் தூண்டுபவை வேறு: விறகடுப்புப் புகை, கொசுவத்தி, சாம்பிராணி, ஈரச்சுவரின் பூஞ்சை, கரப்பான், பட்டாசு, பீடி சிகரெட் புகை. படுக்கை விரிப்பைக் கொதிநீரில் அலசி வெயிலில் காயவைப்பதும், புகையை வீட்டுக்கு வெளியே நிறுத்துவதும் செலவில்லாத தடுப்பு.

பின்லாந்தின் பத்தாண்டு

தடுப்பை ஒரு நாடு முழுதும் செய்து காட்டியது பின்லாந்து. 1994 முதல் 2004 வரை நடந்த திட்டத்தில் புதிய மருந்து எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. நோயைத் தொடக்கத்திலேயே கண்டறிவது, உடனே ஸ்டீராய்டு இன்ஹேலர் தொடங்குவது, ஒவ்வொரு சுகாதார நிலையத்திலும் பொறுப்பான மருத்துவரையும் செவிலியரையும் அமர்த்துவது, மருந்துக் கடைக்காரர்களையும் பயிற்றுவிப்பது ஆகியவையே திட்டம். நோயாளிகளின் எண்ணிக்கை கூடியபோதும், ஆஸ்துமாவுக்காக மருத்துவமனையில் கழிந்த நாள்கள் பாதிக்கும் கீழாகக் குறைந்தன.

இதற்கு மாறான பாடம் பிரிட்டனிலிருந்து வந்தது. 2014இல் அங்கே வெளியான அறிக்கை 195 ஆஸ்துமா மரணங்களை ஆராய்ந்தது. இறப்பதற்கு முந்தைய ஆண்டில் நிவாரண இன்ஹேலர் வாங்கியிருந்தவர்களில் 39 விழுக்காட்டினர் பன்னிரண்டுக்கு மேல் வாங்கியிருந்தார்கள். தடுப்பு இன்ஹேலரைப் பலர் போதிய அளவு வாங்கவே இல்லை. 1960களின் தவறு வேறு மருந்தோடு தொடர்ந்திருந்தது.

இன்றைய முறை

1993இல் தொடங்கிய ஜைனா என்ற உலகளாவிய அமைப்பின் வழிகாட்டலே இன்று பல நாடுகளுக்கு அடிப்படை. நோய் கட்டுக்குள் இருக்கிறதா என்று அறிய அது நான்கு கேள்விகளைத் தருகிறது. கடந்த நான்கு வாரங்களில் பகலில் வாரத்துக்கு இருமுறைக்கு மேல் இரைப்பு வந்ததா? இரவில் அதனால் விழிப்பு வந்ததா? நிவாரண இன்ஹேலர் வாரத்துக்கு இருமுறைக்கு மேல் தேவைப்பட்டதா? வேலையோ விளையாட்டோ தடைபட்டதா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் சிகிச்சையை மறுபடி பார்க்க வேண்டும்.

கருவியைச் சரியாகப் பிடிப்பதில் பாதி மருத்துவம் அடங்கியிருக்கிறது. குலுக்கி, மூச்சை முழுவதும் வெளியே விட்டு, வாயில் பொருத்தி, மெல்ல இழுக்கத் தொடங்கும்போதே அழுத்தி, பிறகு பத்து விநாடி மூச்சை அடக்க வேண்டும். அவசரமாக இழுத்தால் மருந்து தொண்டையில் ஒட்டி நின்றுவிடும். குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் ஸ்பேசர் குழல் இந்தச் சிரமத்தைப் போக்கும். ஸ்டீராய்டு எடுத்தபின் வாய் கொப்பளித்தால் வாயில் பூஞ்சைப் புண் வரும் வாய்ப்பு குறையும்.

1959இல் ரைட் வடிவமைத்த ஊதுமானி, வீட்டிலேயே மூச்சின் வேகத்தை அளக்கும் வழியைத் திறந்தது. தன் சிறந்த அளவில் பாதிக்கும் கீழ் இறங்கினால் அது ஆபத்து. ஒரு வாக்கியத்தைப் பேசி முடிக்க முடியாமை, உதடு நீலம் பாரித்தல், நிவாரண மருந்தின் பலன் நான்கு மணி நேரம்கூட நிற்காமை ஆகியவையும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறிகள். விசில் ஓசை நின்று நெஞ்சு அமைதியாவது சிலசமயம் தேறுதலாகத் தோன்றும். காற்றே நுழையாத நிலைக்கும் அதுவே அடையாளம்.

2019இல் ஜைனா ஐம்பதாண்டுப் பழக்கமொன்றை மாற்றியது. நிவாரண இன்ஹேலரை மட்டும் தருவதை இனிப் பரிந்துரைப்பதில்லை என்று அறிவித்தது. லேசான ஆஸ்துமா உள்ள பெரியவர்களும், திணறும் வேளையில் ஸ்டீராய்டும் ஃபார்மோடெராலும் கலந்த ஒரே இன்ஹேலரை எடுக்கலாம் என்றது. ஃபார்மோடெரால் உடனே குழாயை விரிக்கிறது. ஸ்டீராய்டு அழற்சியை அடக்குகிறது. நெடுங்காலம் தனித்தனியே நின்ற தணிப்பும் தடுப்பும் இப்போது ஒரே மூச்சில் உள்ளே போகின்றன.

உலகின் ஆஸ்துமா மரணங்களில் பெரும்பாலானவை வருவாய் குறைந்த நாடுகளில் நிகழ்கின்றன. இந்தியாவின் பங்கு அவற்றில் பெரிது. அம்மரணங்களைக் குறைக்கும் மருந்து கண்டறியப்பட்டு அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. அது ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கிடைப்பதும், திணறல் இல்லாத நாளிலும் நோயாளி அதைக் கையில் எடுப்பதுமே எஞ்சியிருக்கும் பணி.